எழுத்தைச் சிதைக்காத கருவி எது?

தெலுக் இந்தான் நகரின் நடுவே நிற்கும் சாய்ந்த கோபுரத்தை வெளியில் நின்று காண்பார்க்கு அஃது எட்டு அடுக்குடையதாகத் தோன்றும். உள்ளே ஏறிச் சென்றவர்க்கோ அதில் மூன்று மாடிகளே உண்டு என்பது விளங்கும். ஊர் தெலுக் ஆன்சன் என்று வழங்கிய காலத்தில், 1885ஆம் ஆண்டில் எழுந்த கோபுரம் அது. மெல்லிய மண்ணும் உள்ளிருந்த தண்ணீர்த் தொட்டியின் சுமையும் சேர்ந்து அதனைச் சாய்த்தன. கணினியில் விளையாட்டும் அசைவுப்படமும் ஆக்குவதற்கென்று இன்று விலையின்றிக் கிடைக்கும் கருவிகளும் ஏறத்தாழ இத்தகையனவே. வெளித்தோற்றத்தில் அடுக்குகள் பல. உள்ளே உள்ளவை எத்தனை என்பதும், தமிழ் எனும் சுமையை ஏற்றினால் அவை நிமிர்ந்து நிற்குமா சாயுமா என்பதும், ஏற்றிப் பார்த்த பின்னரே தெரியும். இக்கருவிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெளியடுக்குகளை எண்ணிக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். தமிழாசிரியர்க்கு அவ்வெண்ணிக்கை போதாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கீழ்ப் பேராக்கின் இரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கு இடம் விட்டொழிந்தன. அவற்றில் வாழ்ந்த குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்தன. தோட்டத்து வீடுகளில் ஆடப்பெற்ற பல்லாங்குழியை இன்றைய மாணவர்க்குக் கணினித் திரையில் காட்ட ஓர் ஆசிரியர் விரும்புகிறார் என்க. பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், பரமபதம் ஆகிய மூன்றும் இயல்பாகவே இருபரிமாண விளையாட்டுகள். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழிகளும் சில சோழிகளும் போதும். மலாய் நண்பர்கள் சொங்காக் என்று ஆடும் விளையாட்டோடு அதனை ஒப்பிட்டுக் காட்டவும் இயலும். இத்தனை எளிய முயற்சிக்குக் கருவியைத் தேர்வதில் என்ன இடர்ப்பாடு என்று வினவலாம். குழியும் சோழியும் எந்தக் கருவியிலும் ஓடும். இடர்ப்பாடு முதற் சொல்லை எழுதும்போது தொடங்குகிறது. திரையில் ‘தொடங்கு’ என்று எழுதினால் அது ‘தொடங்கு’ என்றே தோன்ற வேண்டுமன்றோ? பல கருவிகளில் அவ்வாறு தோன்றுவதில்லை. கருவி தமிழை ஒழுங்காக எழுதாவிடில் மாணவன் கருவியை மாற்றுவதில்லை, மொழியை மாற்றிவிடுகிறான். ‘ஸ்டார்ட்’ என்று உரோமன் எழுத்தில் இட்டு மேலே செல்கிறான். அவனைக் குறை கூறுதல் பொருந்தாது.

கருவிகளை நோக்குமுன் ‘இலவசம்’ என்ற சொல்லைச் சற்றே ஆராய்தல் வேண்டும். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் உரிமையுடைமைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியார் இரண்டையும் பிரித்துரைக்க இடர்ப்படுகின்றனர். தமிழில் அவ்விடர் இல்லை. விலையில்லாதது இலவசம், மூலநிரலைக் காணவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையளிப்பது கட்டற்ற மென்பொருள். சொல் இரண்டாக இருந்தும் நம்மவர் பலர் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகின்றனர் என்பது வருந்தத்தக்கது. இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாததன் விளைவு கண்கூடு. ஒரு காலத்தில் பாடங்களும் சிறு விளையாட்டுகளும் ஃபிளாஷ் என்னும் முறையில் ஏராளமாக ஆக்கப்பட்டன. அவற்றைத் திரையில் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயர் விலையின்றியே கிடைத்தது. அதன் உடைமையாளரான அடோபி நிறுவனம் 2020 திசம்பர் 31ஆம் நாளோடு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்பின் அப்பாடங்கள் உலாவியில் திறவாமற் போயின. ரஃபிள் என்னும் கட்டற்ற மென்பொருள் அவற்றுட் சிலவற்றை இன்று மீண்டும் ஓடச் செய்கிறது. இறந்ததை எழுப்ப வந்தது கட்டற்ற மென்பொருளே என்பது குறிப்பிடத்தக்கது.

யூனிட்டி என்னும் விளையாட்டுப் பொறியின் கதையும் இதனை ஒட்டியது. 2023 செப்டம்பரில் அதன் நிறுவனம், விளையாட்டு நிறுவப்படும் எண்ணிக்கையைக் கொண்டு கட்டணம் விதிக்கப் போவதாக அறிவித்தது. எதிர்ப்பு மிகுந்தது, ஓராண்டு கழித்து அத்திட்டம் கைவிடப்பட்டது. அக்கட்டணம் வருமானம் மிக்க விளையாட்டுகளுக்கே உரியதாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பல்லாங்குழியை அது தீண்டியிராது. நடுநிலையில் நின்று பேசுவோர் இதனை மறைத்தல் தகாது. ஆயினும் ஆடுகளத்தின் விதியை ஆட்டத்தின் நடுவே மாற்றும் உரிமை ஒருவர் கையில் இருந்தது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழாசிரியர் பிறரினும் நன்கறிந்த துறை இது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்பதைத் தொல்காப்பியர் நூன்மரபிலேயே வரையறுத்துவிட்டார். கணினியில் தமிழைச் சேமிக்கும் ஒருங்குறி முறையும் இவ்வொலிமுறையையே பின்பற்றுகிறது. ‘கெ’ என்பது ககரம் முதலிலும் எகரக் குறி அடுத்தும் ஆகவே சேமிக்கப்படுகிறது. ஆனால் எழுதும்போது கொம்பு ககரத்தின் இடப்புறம் நிற்றல் வேண்டும். ‘கொ’ என்பதிலோ குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி இடமும் மறுபாதி வலமுமாக அமைகிறது. சேமித்த முறையை எழுதும் முறையாக மாற்றித் தரும் வேலையை எழுத்துக்கோப்பு எனலாம். ஆங்கிலத்தை மட்டும் கருதிச் செய்த கருவிகளில் இவ்வேலைக்கு இடமே இல்லை. அங்கே ‘பெண்’ என்று எழுதினால் கொம்பு பகரத்தின் வலப்புறம் விழுந்து, அடுத்துள்ள ணகரத்தைப் பற்றிக்கொண்டதுபோல் நிற்கும். படிக்கத் தொடங்கும் சிறுவன் அதனை எவ்வாறு படிப்பான்?

இக்குறை எவ்வளவு பெரிது என்பதைக் கணக்கிட்டே காணலாம். உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு. எகர, ஏகார, ஐகார வரிசையும், ஒகர, ஓகார, ஔகார வரிசையும் ஆகிய ஆறு வரிசைகளில் 108 எழுத்துகள் உள்ளன. அவை யாவும் இடம் மாறும். அதாவது உயிர்மெய்யிற் சரிபாதி கெடும். உகர, ஊகார வரிசைகளில் 36 எழுத்துகள் தத்தமக்குரிய வடிவம் பெறாமல் உதிரியாய் நிற்கும். ஆக 216இல் 144 எழுத்துகள் பிழையாகத் தோன்றும். மூன்றில் இரண்டு பங்கு எழுத்தைச் சிதைக்கும் கருவியைத் ‘தமிழுக்கும் ஏற்றது’ என்று விளம்பரம் செய்தல் எங்ஙனம் பொருந்தும்?

யூனிட்டியின் வழக்கமான எழுத்துப் பகுதி நெடுங்காலம் இக்கோப்பு வேலையைச் செய்யாதிருந்தது. அதனைப் பயன்படுத்தியோர் ஒருங்குறித் தமிழை ஒருங்குறிக்கு முந்திய எழுத்துரு முறைகளுக்கு மாற்றி ஒப்பேற்றினர். முரசு அஞ்சலை ஆக்கிய முத்து நெடுமாறன் போன்றோர் இந்நாட்டிலேயே பல்லாண்டு உழைத்துத் தமிழ்க் கணிமையை ஒழுங்குபடுத்திய பின்னரும், விளையாட்டுப் பொறிகளில் மட்டும் தமிழ் ஒரு தலைமுறை பின்தங்கி நின்றது என்பது வியப்பே.

கோடோ என்னும் பொறியின் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. அர்ச்சென்டினாவைச் சேர்ந்த குவான் லினியெட்ஸ்கி, அரியேல் மன்சூர் ஆகிய இருவர் தொடங்கிய இப்பொறி 2014ஆம் ஆண்டில் கட்டற்றதாக வெளியிடப்பட்டது. பெக்கெட்டின் நாடகத்தில் வாராதவனாகிய கோடோவின் பெயரே இதற்கும் பெயர். தமிழைப் பொறுத்தவரை இதுவும் நெடுநாள் வாராதவனாகவே இருந்தது. மூன்றாம் பதிப்பு வரை கொம்புகள் இடம் மாறியே விழுந்தன. 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பு ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துக்கோப்பு நூலகத்தை ஏற்றுக்கொண்டது. பாரசீகச் சொற்களால் அமைந்த அப்பெயர்க்குத் ‘திறந்த எழுத்து’ என்பது பொருள். அன்றுதொட்டுக் கோடோவில் ‘கொ’ என்பது கொ ஆகவே நிற்கிறது. இருபரிமாண விளையாட்டுக்கெனத் தனியே அமைந்த பகுதியும் அதில் உண்டு. பழைய மடிக்கணினியில் ஓடுவதற்கு ஏற்ற எளிய வரைவு முறையும் உண்டு. பள்ளிக் கணினிகளின் நிலையை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

எனினும் கோடோவைக் கண்மூடிப் புகழ்தல் வேண்டா. அதனுடன் வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. ஆசிரியரின் கணினியில் உள்ள தமிழ் எழுத்துருவை அது தானே தேடி எடுத்துக்கொள்வதால் முதலிற் குறை தெரியாது. அதே விளையாட்டை இணைய உலாவியில் ஓடுமாறு செய்து வெளியிட்டால், எழுத்திருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற, பிறர்க்கு வழங்க உரிமையுள்ள எழுத்துருவை விளையாட்டினுள்ளேயே சேர்த்துவிட்டால் இத்தொல்லை தீரும். விண்டோசில் உள்ள லதா எழுத்துருவைப் படியெடுத்துச் சேர்ப்போர், அவ்வாறு வழங்க உரிமையுண்டா என்று எண்ணுவதே இல்லை.

சிறுவர்க்கு முதற்கருவி ஸ்கிராட்ச் என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2007இல் வெளியிட்ட இக்கருவியில் நிரலைத் தட்டச்சு செய்யாமல் கட்டைகளை அடுக்குவதுபோல் அடுக்கலாம். மலேசிய இடைநிலைப் பள்ளிக் கணினிப் பாடத்திலும் இதற்கு இடமுண்டு. இஃது உலாவியின் எழுத்துக்கோப்பையே பயன்படுத்துவதால் பூனை தமிழ் பேசினால் சொற்கள் சிதையாமல் தோன்றும். ஆனால் தோற்றம் சரியாயிருப்பது கொண்டு மயங்குதல் கூடாது. எழுத்தெண்ணும் கட்டையில் ‘தமிழ்’ என்று இட்டால் விடை ஐந்து என வரும். மூன்றெழுத்து எனக் கற்ற மாணவன் திகைப்பான். மூன்றாம் எழுத்து யாது என்று கேட்டால் ழகர ஒற்று வாராது. தனித்து நிற்கும் இகரக் குறி வரும்! ஒலிக்குறிகளை எல்லாம் தனித்தனி எழுத்தாக எண்ணுவதால் நேரும் பிழை இது. ‘யானை’ நான்கெழுத்தாகும்.

இதனைச் சிறு குறை என்று தள்ளுதற்கில்லை. தமிழ் வகுப்பில் விளையாட்டு என்றால் பெரும்பாலும் சொல் விளையாட்டே. எழுத்தை மறைத்துக் கண்டுபிடித்தல், சொல்லைத் திருப்பிப் படித்தல், கட்டங்களில் எழுத்தை நிரப்புதல் ஆகிய யாவும் ஓர் எழுத்து எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதையே அடிப்படையாகக் கொண்டவை. ‘விகடகவி’யைத் திருப்பினால் அதே சொல் வரும் என்று நாம் கற்பிக்கிறோம், கருவியோ குறிகளைத் தலைகீழாக்கி, இகரக் குறியில் தொடங்கும் ஒன்றைத் தரும். சரியான விடையைத் தவறென்று கூறும் விளையாட்டு, விளையாட்டே இல்லாமையினும் தீது. கோடோவிலும் நேரே எண்ணினால் இதே பிழைதான் நேரும். ஆயின் எழுத்தெல்லைகளைக் கண்டு சொல்லும் செயற்கூறு ஒன்று நான்காம் பதிப்பில் உண்டு. அதனை அறிந்து பயன்படுத்துவோர்க்கு ‘தமிழ்’ மூன்றெழுத்தே. பைத்தான் மொழியில் எழுதுவோர் ஓப்பன்-தமிழ் என்னும் நூலகத்தைத் துணைக்கொள்ளலாம். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பிரித்துத் தருவது அது. ஸ்கிராட்சில் சொல் விளையாட்டு வேண்டுமாயின் சொல்லைக் கருவி பிரிக்குமாறு விடாமல், த, மி, ழ் என்று ஆசிரியரே பட்டியலில் பிரித்து இட்டுவிடுதல் நலம். அப்பட்டியலை மாணவரைக் கொண்டே செய்விப்பது இலக்கணப் பயிற்சியும் ஆகும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது ஜிடெவலப். நிரல் எழுதாமல் ‘இது நேர்ந்தால் இது செய்’ என்று வரிசைப்படுத்தினால் போதும். உலாவியின் வழியே எழுதுவதால் தமிழ் சிதைவதில்லை. பல்லாங்குழிக்கு இது முற்றிலும் ஏற்றது. ஆழ்ந்து கற்க விரும்பும் மாணவன் விரைவில் இதன் எல்லையை எட்டிவிடுவான் என்பதும் உண்மையே.

எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டிவிட்டால் எந்தக் கருவியிலும் தமிழ் சரியாக வருமே என்று கூறுவார் உளர். தலைப்புக்கு அம்முறை தகும். உரையாடல் முழுவதையும் படமாக்கினால், ஒரு சந்திப்பிழையைத் திருத்தப் படத்தையே மீண்டும் வரைதல் வேண்டும். பார்வையற்றோர்க்கு எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள் படத்தைப் படிக்க மாட்டாது. எழுத்தைப் படமாக்குவது தமிழை ஓவியமாக மதிப்பது, மொழியாக மதிப்பதன்று.

அசைவுப்படத்திற்கு வருங்கால் அளவுகோல் மாறுகிறது. இங்கே எழுத்து குறைவு. கை உழைப்பே மிகுதி. மலேசியாவின் முதல் அசைவுக் குறும்படம் என்று போற்றப்பெறும் ‘ஹிகாயாட் சங் கன்சில்’, ஃபிலெம் நெகாரா மலேசியாவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியரின் கைவண்ணம். 1983ஆம் ஆண்டில் திரைக்கு வந்தது. சருகுமானின் கதையைச் சொல்லும் அப்படம் கணினித் துணையின்றிக் கையால் வரையப்பெற்ற காலத்தது. வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும் திரையில் ஒரு வரைபடத்தை இரண்டு சட்டங்களுக்கு வைத்தாலும் ஒரு நிமிடத்திற்கு 720 வரைபடங்கள் வேண்டும். இக்கணக்கை அறியாதார் கருவியைக் குறை கூறிப் பயனில்லை.

கையால் வரைந்து பழகுவார்க்குப் பென்சில்-2டி நல்ல தொடக்கம். முந்திய படத்தின் நிழல் அடுத்த தாளில் மங்கலாகத் தெரியும். வெங்காயத்தோல் என்று அதனை வழங்குவர். அதற்கு மேல் அதில் அதிகம் இல்லை. இல்லாமையே அதன் நன்மை. கிரித்தா ஓவியர்க்கென்று எழுந்தது. சுவீடிய மொழியில் அப்பெயர்க்குச் சுண்ணக்கோல் என்பது பொருள்; கரும்பலகையோடு வாழ்ந்த ஆசிரியர்க்கு அதுவே ஒரு பரிந்துரை. அசைவூட்டும் வசதி அதில் 2016இல் சேர்ந்தது. சில வினாடிகளுக்கான அழகிய காட்சிக்கு அது தகும். நீண்ட படத்திற்குக் கணினியின் நினைவகம் இடங்கொடாது.

ஓப்பன்தூன்ஸ் பெரிய இடத்துப் பிள்ளை. இத்தாலியில் பிறந்த தூன்ஸ் என்னும் மென்பொருளைச் சப்பானின் கிப்லி படக்கூடம் 1997இல் வந்த ‘இளவரசி மோனோனோக்கே’ தொட்டுப் பயன்படுத்தியது. அதனை வாங்கிய துவாங்கோ நிறுவனம் 2016இல் கட்டற்றதாக வெளியிட்டது. ஆற்றலில் குறைவில்லை. ஆயினும் முதல்முறை திறக்கும் மாணவன் பொத்தான்களின் காட்டில் வழி தவறுவான். துணையிருக்கும் ஆசிரியர் இல்லாத பள்ளியில் இதனை நிறுவுவதைவிட நிறுவாதிருத்தல் மேல். ப்ளெண்டரின் வரைகோல் பகுதியும் அத்தகையதே. ‘என் உடலை இழந்தேன்’ என்ற பொருள்படும் தலைப்புடைய 2019ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படத்தில் அது பயன்பட்டது என்பதால் அதன் தகுதிக்குச் சான்று வேண்டா. எட்டாம் வகுப்பு மாணவனின் பொறுமைக்குத்தான் சான்று வேண்டும்.

தமிழ் வகுப்பிற்கு மிகவும் அணுக்கமானது சின்ஃபிக் என்பது சொல்லத் தகும். 2005இல் கட்டற்றதாக வெளிவந்த இக்கருவியில் ஒவ்வொரு சட்டத்தையும் வரைய வேண்டுவதில்லை. கை, கால், தலை என உறுப்புகளைத் தனித்தனியே ஆக்கி மூட்டுகளில் இணைத்துவிட்டால், தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் காட்டினாற் போதும். இடைப்பட்ட அசைவைக் கருவியே கணக்கிட்டுத் தரும். தோற்பாவைக் கூத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மலாய் மக்களின் வாயாங் கூலிட்டும் இவ்வகையினதே. தோலில் வெட்டி மூட்டுக் கட்டிய பாவையே இங்குத் திரையில் ஆடுகிறது. தலைப்பையும் சொற்களையும் இங்க்ஸ்கேப் என்னும் வரைகருவியில் எழுதுக. அதில் தமிழ் ஒழுங்காகக் கோக்கப்படும். பின்னர் எழுத்தை வரைகோடாக மாற்றிச் சின்ஃபிக்கிற்குக் கொண்டுசென்றால் கொம்பும் சுழியும் இடம் மாறுவதில்லை. அசைவுப்படத்தில் சொற்கள் சிலவே ஆதலின், எழுத்தைப் படமாக்குவது பற்றி மேலே கூறிய தடை இங்கு வலுவிழக்கிறது.

தொழில்துறையில் வழங்கும் விலையுயர்ந்த கருவிகளையே மாணவர் கற்க வேண்டும் என்பாரும் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும் காலக்கணக்கு, அசைவின் எடை, காட்சியமைப்பு ஆகியவை கருவிக்குக் கருவி மாறுவன அல்ல. பணம் மிகுந்தவிடத்துக் கலை தானே வளரும் என்பதற்கும் சான்றில்லை. அசைவுப்படங்களுக்கென்றே பெருஞ்செலவில் ஈப்போவில் அமைந்த கேளிக்கைப் பூங்கா 2017 சூனில் திறக்கப்பட்டு 2020 சனவரியில் மூடப்பட்டது. மறுபுறம், கனடாவின் டொராண்டோவில் சிறு குழுவினர் ஆக்கிய ‘வெண்பா’ என்னும் இருபரிமாண விளையாட்டு 2023இல் வெளிவந்தது. புலம்பெயர்ந்த தமிழ்த் தாயின் சமையற்கட்டே அதன் களம். சிதைந்த சமையற்குறிப்பைச் சரிசெய்து சமைப்பதே ஆட்டம். அடுத்த ஆண்டு முதற்படைப்புக்கான பாஃப்டா பரிசை அது பெற்றது. இட்டலித் தட்டைப் பொருளாக வைத்தும் உலகம் ஏற்கும் விளையாட்டைச் செய்யலாமெனின், பல்லாங்குழியும் தோட்டத்து வாழ்வும் பொருளாகாமற் போகா.

ஆகவே தெலுக் இந்தான் ஆசிரியர்க்குரிய தேர்வு ஒன்றன்று. பன்னிரண்டு அகவைக்குட்பட்டார்க்கு ஸ்கிராட்ச். பல்லாங்குழி முழுமைக்கு ஜிடெவலப். சொல் விளையாட்டிற்கும் நீண்டநாள் பயிற்சிக்கும் கோடோவின் நான்காம் பதிப்பு. கையால் வரையும் மாணவர்க்குப் பென்சில்-2டி. கதை சொல்லும் மாணவர்க்குச் சின்ஃபிக். வேறொரு கருவியைப் பிறர் புகழக் கேட்டால், அதனைத் திறந்து, ‘தெலுக் இந்தான் கோபுரம்’ என்று தட்டச்சு செய்க. இருபுறக் கொம்பும் காலும் கொண்ட ‘கோ’வும், ஒற்றைக் கொம்புடைய ‘தெ’யும், உகரம் ஏறிய ‘லு’வும் ‘பு’வும் அத்தொடரில் உள்ளன. பின்னர் ‘கோபுரம்’ எத்தனை எழுத்து என்று அக்கருவியையே எண்ணச் சொல்க. நான்கு என்று கூறாது ஏழு என்று கூறுமாயின், எண்ணும் வேலையை அதனிடம் ஒப்படையாமல் மாணவரிடமே விட்டுவிடலாம்.